காலி பண்ணி வைக்கச் சொன்ன ஃப்ரீசர்

முதல் பாட்டில் வெடித்தபோது தெருவில் யாருடைய டயரோ போய்விட்டது என்றுதான் ரேலீன் நினைத்தாள். இரண்டாவது வெடித்ததும் புரிந்துவிட்டது. "கேவன், உள்ள போகாத" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் அவள் கணவன் துணி துவைக்கும் அறையின் கதவைத் திறந்துவிட்டான். மூன்றாவதும் நான்காவதும் சேர்ந்தாற்போல வெடித்தன. கேவன் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு சுவரைப் பிடித்தபடி நின்றான். கெண்டைக்கால் சதையில் பழுப்புக் கண்ணாடித் துண்டு ஒன்று பாதிக்கு மேல் இறங்கியிருந்தது. தரையில் ரத்தமும் பீரும் ஒன்றாக நுரைத்தன.

பதினோரு தையல். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புகிற வழியில் கேவன் சண்டை எதுவும் போடவில்லை.

"நீ பீர் காய்ச்சறத நான் வேணாங்கல, ரே. என்னைக் கொல்லாம காய்ச்சு."

தப்பு எங்கே என்று அவளுக்குத் தெரியும். ஆஸ்திரேலியச் சுரங்க நகரமான மவுண்ட் ஐசாவில் டிசம்பர் கோடைக்காலம், பகல் நாற்பத்திரண்டு டிகிரி. அவள் முப்பது லிட்டர் பிளாஸ்டிக் டிரம்மில் மால்ட் கரைசலை ஊற்றி, ஈஸ்ட் தூவி, ஈரத் துண்டைச் சுற்றி ஓரமாக வைப்பாள். ஈஸ்ட்டோ பகலில் வெறிபிடித்துப் பொங்கும், அப்புறம் சோர்ந்து பாதியில் படுத்துவிடும். முடிந்துவிட்டது என்று நம்பி பாட்டிலில் அடைத்தால், உள்ளே போய் மறுபடி எழுந்துகொள்ளும். வேண்டியது ஒரு குளிர்ப்பெட்டி. வெப்பத்தை அளந்து மின்சாரத்தைத் தானே நிறுத்திப் போடுகிற சின்னக் கருவியை ஏற்கெனவே வாங்கிவிட்டாள். அதைச் செருகினால் எந்தப் பழைய பெட்டியும் பதினெட்டு டிகிரியில் நிற்கும். பெட்டி அழகாக இருக்க வேண்டாம், சத்தம் போட்டாலும் பரவாயில்லை. டிரம் உள்ளே நிற்க வேண்டும், கதவு மூட வேண்டும், அவ்வளவுதான்.

அதனால் பெட்டி பார்க்கப் போகும்போதெல்லாம் டிரம்மையும் கூட்டிக்கொண்டு போனாள். பிக்கப் வண்டியில் பக்கத்து இருக்கையில் உட்கார வைத்து பெல்ட் போட்டுவிடுவாள். சுரங்கத்துக்குள் தாது லாரி ஓட்டுகிறவள். எதையும் கட்டாமல் ஏற்றிப் பழக்கமில்லை. ஓரிடத்தில் ஒரு குட்டி ஃப்ரிட்ஜ் கிடைத்தது. டிரம் உள்ளே போனது, ஆனால் அதன் மூடிமேல் காற்று வெளியேறும் குழாய் மேல்தட்டில் இடித்தது. திரும்பி வந்தாள்.

சூப்பர் மார்க்கெட் பலகையில் அந்தச் சீட்டைப் பார்த்தது வியாழக்கிழமை. ஃப்ரிட்ஜ் ஒன்று, சின்ன ஃப்ரீசர் ஒன்று, வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதி ஒரு நம்பர். போன் எடுத்தவன் பெயர் டெஸ் ஹாடோ. குழாய் வேலை செய்கிறவன். அப்பா செத்து இரண்டு மாதம் ஆகிறது, அவருடைய கொட்டகையைக் காலி செய்கிறேன் என்றான்.

"ஃப்ரீசர் உள்ள ஏதாவது இருக்கா?" என்று கேட்டாள்.

"கறி கெடக்கு."

"நான் டிரம்ம வச்சுப் பாக்கணும். காலி பண்ணி வைக்க முடியுமா?"

"தாராளமா" என்றான் டெஸ்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவள் போனபோது தகரக் கொட்டகை அதற்குள் காய ஆரம்பித்திருந்தது. டெஸ்ஸுக்கு ஐம்பது இருக்கும். கனத்த உடம்பு, பேச்சில் மரியாதை. ஃப்ரிட்ஜைத் தள்ளிக்கொண்டு வந்து வாசலோரம் நிறுத்தியிருந்தான். கதவைத் திறந்ததுமே ரேலீனுக்குத் தெரிந்துவிட்டது. மேலே பனி அறை, கீழே கம்ப்ரசருக்காக ஒரு மேடு. டிரம்மைச் சாய்த்துத்தான் வைக்க முடியும்.

"இது எனக்கு ஆகாது."

"அப்ப அதப் பாருங்க."

அது மேல்பக்கம் திறக்கிற பெட்டி ஃப்ரீசர், இடுப்புயரம். உள்ளே துடைத்துச் சுத்தமாக இருந்தது. டிரம்மை இறக்கினாள். உள்ளே இருந்த கம்ப்ரசர் மேட்டை ஒட்டி, அடித்தட்டில் சமமாக நின்றது. மூடியை இறக்கினாள். இடிக்காமல் மூடிக்கொண்டது. ரேலீனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இதான். இதையே எடுத்துக்கறேன்."

அப்போது வெளியே ஒரு வண்டி வந்து நின்றது. பின்னால் கூண்டில் இரண்டு வேட்டை நாய்கள் குரைத்தன. இறங்கியவனுக்கு நாற்பது வயதுகூட இருக்காது. ஒல்லி, வெயிலில் கறுத்த முகம், இடுப்பில் உறையோடு கத்தி. நேராகக் கொட்டகைக்கு வரவில்லை. வழியில் குப்பைத் தொட்டியருகே நின்று, மூடியைத் திறந்து பார்த்தான். ஈக்கள் எழும்பின.

"என் தம்பி கோரி" என்று டெஸ் அவளிடம் மெதுவாகச் சொன்னான். "நீங்க கண்டுக்காதீங்க."

கோரி தொட்டியிலிருந்து இரண்டு பிளாஸ்டிக் பைகளை எடுத்துக்கொண்டு வந்தான். பையிலிருந்து சிவப்பாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

"மூணு காட்டுப் பன்னிடா இது. என் புள்ளைங்க ஒரு மாசம் திங்கற கறி. குப்பைல போட்டிருக்க."

"வந்து எடுத்துக்கோன்னு நாலு தடவ சொன்னேன்."

"இந்த ஃப்ரீசர் எனக்குன்னு அப்பா சொன்னாரு."

"அப்பா ஒனக்கு நெறைய சொன்னாரு. அவரக் குளிப்பாட்டினது யாரு? மூத்திரம் அள்ளினது யாரு? நீ பன்னி பின்னால ஓடிக்கிட்டிருந்த."

"நீங்க ரெண்டு பேரும் பேசி முடிங்க, நான் அப்பறம் வரேன்" என்றாள் ரேலீன். இருவருமே அவள் பக்கம் திரும்பவில்லை. கோரி ஃப்ரீசரைத் திறந்து, டிரம்மைத் தூக்கி வெளியே எறிந்தான். அது அவள் முழங்காலில் மோதி உருண்டது. பிறகு குனிந்து, பைகளை உள்ளே வைத்து, வலது கையை ஓரத்தில் ஊன்றி நிமிர்ந்தான்.

டெஸ் மூடியை அறைந்து சாத்தினான்.

அந்தச் சத்தத்தை அவள் பிறகு பல நாள் கேட்டாள். மூடியின் சத்தம் அல்ல, அதற்கடியில் இருந்தது. கோரி கத்தக்கூட இல்லை, வாய் மட்டும் திறந்தது. டெஸ் மூடியை விட்டு நகரவில்லை. திரும்பி, தன் முழுப் பாரத்தோடு அதன்மேல் உட்கார்ந்தான். உட்கார்ந்து தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எந்திரிங்க" என்றாள் ரேலீன். "டெஸ், கை உள்ள இருக்கு. எந்திரிங்க."

கோரியின் இடது கை இடுப்புக்குப் போனது. கத்தி வெளியே வந்தது. முதல் வீச்சு டெஸ்ஸின் தொடையைக் கிழித்தது. டெஸ் துள்ளி எழுந்தான், மூடி விடுபட்டது, கோரி நசுங்கிய கையை மார்போடு அணைத்துக்கொண்டு இடது கையால் அண்ணன் வயிற்றைக் குறி வைத்தான். ரேலீன் யோசிக்கவில்லை. காலடியில் கிடந்த டிரம்மைத் தூக்கிக் குறுக்கே நீட்டினாள். கத்தி பிளாஸ்டிக்கைத் துளைத்து, அவள் விலாவுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. லாரி ஸ்டியரிங்கைத் திருப்புவதுபோல டிரம்மை ஒரே திருப்பாகத் திருப்பினாள். கைப்பிடி கோரியின் பிடியிலிருந்து நழுவியது. கத்தியோடு டிரம்மைக் கொட்டகைக்கு வெளியே எறிந்தாள்.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தாள். ஆனால் கோரி முழங்காலிட்டுச் சரிந்ததைப் பார்த்த டெஸ், சுவரில் மாட்டியிருந்த பெரிய குழாய் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு நொண்டியபடி வந்தான். முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாவது முதுகில். கோரி ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் சுருண்டு படுத்து, தலையை ஒற்றைக் கையால் மூடிக்கொண்டான். ரேலீன் டெஸ்ஸின் கையில் தொங்கினாள். அவன் முழங்கையை உதறினான். அது அவள் வாயில் விழுந்தது. நாக்கில் ஒரு பல் தனியாகக் கிடந்ததை உணர்ந்தாள்.

"தலையில அடிக்காத" என்றாள், ரத்தத்தைத் துப்பிக்கொண்டே. அவன் ஸ்பேனரை ஓங்கியது தலைக்குத்தான்.

அந்த உதறலில் அவள் ஃப்ரிட்ஜுக்கு அந்தப் பக்கம் போயிருந்தாள். இப்போது அது அவளுக்கும் டெஸ்ஸுக்கும் நடுவில் நின்றது. இரண்டு கையையும் வைத்து, தோளைக் கொடுத்துத் தள்ளினாள். அது தயங்கி, சாய்ந்து, டெஸ்ஸின் மேல் விழுந்தது. அவனைக் கீழே சாய்த்து, அவன் கணுக்காலின் மேல் படுத்துக்கொண்டது. அப்போதுதான் அவன் முதல் முறையாகக் கத்தினான்.

கோரி மெதுவாக எழுந்து உட்கார்ந்தான். அண்ணனைப் பார்த்தான், தன் கையைப் பார்த்தான். ரேலீன் ஸ்பேனரைக் காலால் தூரத் தள்ளிவிட்டு ஆம்புலன்சுக்குப் போன் செய்தாள். எங்கே அடிபட்டது என்று கேட்டார்கள். யாருடையதை முதலில் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

கான்ஸ்டபிள் ஆஸ்பத்திரியிலேயே வாக்குமூலம் வாங்கினாள். வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு ரேலீன் எல்லாவற்றையும் சொன்னாள். மூடியை, அவன் உட்கார்ந்ததை, கத்தியை, ஸ்பேனரை, தான் ஃப்ரிட்ஜைத் தள்ளியதை. போனில் காலி பண்ணி வைக்கச் சொன்னதையும் சொன்னாள். "அது குத்தமில்லீங்க" என்று சொல்லிக் கான்ஸ்டபிள் அதை எழுதிக்கொள்ளவில்லை.

கோரிக்கு இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். டெஸ்ஸின் கணுக்காலில் தகடு வைத்தார்கள். அடுத்த மாதம் கேவன் நொண்டிக்கொண்டே கடைக்குப் போய்ப் புது ஃப்ரீசர் ஒன்றை வாங்கி வந்தான். அதற்கென வாங்கிய புது டிரம்மைக் கடையிலேயே உள்ளே இறக்கிப் பார்த்தானாம். அவள் மால்ட் கரைசலை ஊற்றி ஈஸ்ட் தூவினாள்.

கோரி ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்தான். உள்ளே வரச் சொன்னாள். துணி துவைக்கும் அறை வாசலில் நின்று, ஓடிக்கொண்டிருந்த ஃப்ரீசரைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"எத்தன டிகிரி வைப்பீங்க?"

"பதினெட்டு."

தலையாட்டினான். பிறகு கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "கோர்ட்ல மூடி தானா விழுந்துச்சுன்னு சொல்லுங்க."

"அவர் அது மேல உக்காந்தார், கோரி. நான் பாத்தேன்."

"நானுந்தான் பாத்தேன்."

"அப்ப எதுக்கு?"

"நான் வேட்டைக்குப் போனா பத்து நாள், பதினஞ்சு நாள். அப்பாவ அவன் ஒத்த ஆளா வச்சுப் பாத்துக்கிட்டான். மூணு வருஷம். நான் கறிய வைக்கத்தான் அங்க போவேன். வச்சிட்டு வந்துடுவேன்."

மூடி தானாக விழுந்தது என்று ரேலீன் ஒரு முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். அந்தச் சத்தம் திரும்பி வந்தது.

"என்னால முடியாதுப்பா" என்றாள். "வாக்குமூலத்துல கையெழுத்துப் போட்டுட்டேன். போடாட்டியும் முடியாது."

அவன் கோபப்படவில்லை. பிள்ளைகள் காத்திருப்பார்கள் என்று சொல்லிவிட்டுப் போனான்.

கோரி கத்தி எடுத்ததைத் தற்காப்பு என்று கோர்ட் எடுத்துக்கொண்டது; டெஸ்ஸுக்கு ஒன்பது மாதச் சிறை கிடைத்தது. அவன் மனைவிக்கு நீண்ட தூரம் ஓட்ட வராது. சிறை டவுன்ஸ்வில்லில், ஒன்பது மணி நேரப் பயணம். மாதம் ஒரு முறை கோரிதான் அவளைக் கூட்டிப்போகிறான் என்று கேவன் யாரிடமோ கேட்டுவந்து சொன்னான். அண்ணனைப் பார்க்க உள்ளே போவதில்லையாம், வெளியே வண்டியிலேயே உட்கார்ந்திருக்கிறானாம்.

ரேலீன் அப்போது பாட்டில் கழுவிக்கொண்டிருந்தாள். கையிலிருந்ததை வைத்துவிட்டு, "ஒவ்வொரு தடவையுமா?" என்று கேட்டாள்.

"ஒவ்வொரு தடவையும்" என்றான் கேவன்.