பூங்கோதையின் ஃபுல்பேக்

ஆட்டோவைக் கீழே நிறுத்திவிட்டுக் கலியமூர்த்தி மாடியேறி வந்தபோது பூங்கோதை இன்னும் நைட்டியில்தான் இருந்தாள். டயாலிசிஸுக்கு எடுத்துப் போகும் பையும் போர்வையும் ஃபைலும் அவர் வைத்த நாற்காலியிலேயே இருந்தன. அவள் மூன்று தலையணைகளை அடுக்கிச் சாய்ந்துகொண்டு, டெலிபோனைக் கட்டில் மேல் இழுத்து வைத்திருந்தாள்.

“கோதை, மணி ஒம்பதே கால். ஆட்டோ நிக்கிது.”

“அனுப்பிடுங்க. நான் இப்ப வரல.”

“வரலன்னா?”

“பத்து மணிக்கு ஃபைனல். பன்னெண்டரைக்கு முடிஞ்சிரும். அப்புறம் நீங்க எங்க கூப்பிட்டாலும் வர்றேன்.”

எந்த ஃபைனல் என்று அவர் கேட்கவில்லை. தில்லி சாணக்கியபுரியில் ஆஸ்திரேலியத் தூதரகத்தின் தபால் பிரிவில் இருபத்து மூன்று வருடம் வேலை பார்த்தவள் அவள். தொண்ணூற்று ஏழில் கிரஹாம் என்ற அதிகாரி தன் ஊர்க் கால்பந்தாட்டக் காஸெட்டுகளைச் சாப்பாட்டு நேரத்தில் போட்டுப் பார்க்கப்போக, டப்பாவோடு எட்டிப் பார்த்தவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். முட்டை வடிவ மைதானம், முட்டை வடிவப் பந்து, இரண்டு பக்கமும் நான்கு நான்கு கம்பங்கள். கையாலும் அடிக்கிறார்கள், காலாலும் அடிக்கிறார்கள். கலியமூர்த்தி இரண்டு முறை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். யார் எதற்காக ஓடுகிறார்கள் என்றே அவருக்கு விளங்கவில்லை. மத்திய நீர்வளத் துறையில் வரைபடம் போடுகிறவர். கோடு எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று தெரியாத எதுவும் அவருக்குப் பிடிக்காது.

“டாக்டர் என்ன சொல்லியிருக்காரு? ஒரு தடவகூட விடக்கூடாதுன்னாரா இல்லையா?”

“அவரு இன்னொண்ணும் சொன்னாரே. உங்கள மட்டும் தனியா வெளிய கூப்பிட்டு.”

கலியமூர்த்தி ஃபைலை எடுத்துப் பைக்குள் வைத்தார். இதயம் களைத்துவிட்டது, மெஷினில் போடும்போதே ரத்த அழுத்தம் இறங்குகிறது, ஒவ்வொரு முறையும் பயந்துகொண்டேதான் ஏற்றுகிறோம் என்று போன வாரம் டாக்டர் சொன்னதை அவர் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

“உங்க மூஞ்சியப் பாத்தா தெரியாதாங்க?” என்றாள். “நாலு மணி நேரம் சீலிங்கப் பாத்துட்டு கெடக்கணும். இன்னிக்கு ஒரு நாளு சீலிங் வேணாம்.”

நான்கு வருடமாக அவர் அவளைக் காவல் காத்துவந்தார். ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர் தண்ணீர், பருப்பில் எவ்வளவு உப்பு, எந்தப் பழம் கூடாது, எல்லாம் அவர் கையில். செவ்வாய், வியாழன், சனி, ஒரு நாளும் தவறியதில்லை. கையைப் பிடித்து எழுப்பினால் அவளால் எதிர்க்க முடியாது. நாற்பது கிலோகூட இல்லை. அவர் கையை நீட்டவும் செய்தார். பிறகு அந்தக் கையாலேயே டெலிபோனை எடுத்து சென்டருக்கு அடித்தார்.

“பையா, ஆஜ் தீன் பஜே மிலேகா க்யா?”

மூன்று மணிக்கு ஒரு மெஷின் காலியாகும், தாமதம் செய்யாமல் வந்துவிடுங்கள் என்றான் டெக்னீஷியன்.

அவர் கீழே போய் ஆட்டோவை அனுப்பிவிட்டு வந்தார். கிட்வாய் நகர் மைதானத்தில் தசராவன்று எரிக்க ராவணன் பொம்மை கட்டிக்கொண்டிருந்தார்கள். தலை இன்னும் ஏறவில்லை.

பத்து நிமிடத்தில் சேஷன் வந்தார். அதே தபால் பிரிவில் அவளுக்கு எதிர் மேஜையில் உட்கார்ந்திருந்து ரிட்டையர் ஆனவர். லோதி ரோட்டிலிருந்து நடந்தே வந்திருந்தார்.

“என்ன பூங்கோதை, தயாரா? இன்னிக்கு உங்க ஆளு கோட்டை விடப்போறான்.”

“மொதல்ல உக்காருங்க சார். மூச்சு வாங்குது உங்களுக்கு.”

அவர்களுடைய சண்டை ஆறு வருடத்துச் சண்டை. கோல் கம்பத்துக்கு முன்னால் கடைசி ஆளாக நின்று, எதிரணியில் அதிகம் கோல் அடிக்கிறவனைத் தடுக்கிறவனுக்கு ஃபுல்பேக் என்று பெயர். இந்தக் காலத்து ஃபுல்பேக்குகளில் யார் பெரியவன்? கார்ல்டன் அணியின் சில்வாக்னி என்பார் சேஷன். ஜீலாங் அணியின் ஸ்கார்லெட் என்பாள் பூங்கோதை. கோல் அடிக்கிறவர்களைப் பற்றி இருவரும் பேசியதே இல்லை.

“பேர்லயே அக்னி இருக்கு பாருங்கோ,” என்று சேஷன் இன்றும் ஆரம்பித்தார். “நூற்றாண்டு டீம்னு ஒண்ணு செலக்ட் பண்ணினாளே, அதுல ஃபுல்பேக் யாரு? சில்வாக்னி. அவன் எடத்த விட்டு அசையமாட்டான். பந்து வந்தா ஒரே குத்து. அதான் டிஃபென்டர்.”

“குத்தித் தள்ளுறது பாதி வேல சார். தள்ளின பந்து திரும்பி வந்துடும். என் ஆளு அதைப் புடிச்சு நம்ம பக்கம் திருப்பி விடுவான்.”

“போன வருஷம் திருப்பினானே, ஃபைனல்ல!”

போன வருடமும் ஜீலாங் ஃபைனலுக்கு வந்து தோற்றிருந்தது. பூங்கோதை அன்று சாப்பிடவில்லை. இப்போது சேஷனை முறைத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். கலியமூர்த்திக்கே பாவமாக இருந்தது.

பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது போன் அடித்தது. மகள் பிரியதர்ஷினி. படிக்கப் போய் ஜீலாங்கிலேயே வேலையும் தேடிக்கொண்டவள். அங்கே அவள் டி.வி.க்கு முன்னால் உட்கார்ந்து சொல்வாள், இங்கே ஸ்பீக்கரில் கேட்க வேண்டும் என்று தாயும் மகளும் முன்பே பேசி வைத்திருந்தார்கள்.

“அம்மா, இங்க ஃபுல் மழை. கிரவுண்ட் எல்லாம் கீலா ஹோ கயா. நீ டயாலிசிஸ் போலயா?”

“அப்பா மூணு மணிக்கு மாத்திட்டாரு.”

“அப்பாவா?” என்றாள் பிரியா. “அச்சா. சரி, ஸ்டார்ட் ஆகுது.”

பிரியாவின் தமிழ் அரைகுறைத் தமிழ். அவசரத்தில் இந்தியும் இங்கிலீஷும் முந்திக்கொண்டு வரும். ஆனாலும் அவள் குரல் ஏறி இறங்குவதிலேயே பந்து எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்தது. கலியமூர்த்தி முதலில் சமையலறையில் நின்றார். பிறகு வாசற்படியில் நின்றார். இரண்டாவது இடைவேளைக்குள் கட்டிலின் கால்மாட்டுக்கு வந்துவிட்டார். மூன்று இடைவேளையிலும் எதிரணியான செயின்ட் கில்டாதான் முன்னால் இருந்தது. சேஷன் தொடையில் தாளம் போட்டார்.

“இப்ப நம்மாளு எங்க நிக்கிறான்?” என்று கலியமூர்த்தி கேட்டார்.

பூங்கோதை அவரைத் திரும்பிப் பார்த்தாள். முப்பத்திரண்டு வருடக் குடித்தனத்தில் அவர் கேட்ட முதல் ஆட்டக் கேள்வி அது.

“கோலுக்கு முன்னாடிங்க. கடைசியா. அவன் பின்னாடி யாருமே கெடையாது.”

கடைசிப் பகுதி ஆரம்பித்தது. புள்ளிகள் நெருங்கின. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்கும்போது இரண்டு அணிகளும் அறுபத்தேழு. பூங்கோதை தலையணையிலிருந்து முதுகை எடுத்துவிட்டு நேராக உட்கார்ந்தாள். கலியமூர்த்தி பின்னால் கை கொடுத்துத் தாங்கிக்கொண்டார். நைட்டிக்கு மேலேயே அவளுடைய இதயம் துடிப்பது கைக்குத் தெரிந்தது.

“சென்டர்ல பந்து… ஸ்லிப் ஆகுது… யார் கைலயும் இல்ல… அரே, ஸ்கார்லெட்! அம்மா, ஸ்கார்லெட் நடுவுல வந்துட்டான்!”

“நடுவுலயா?” சேஷன் எழுந்துவிட்டார். “அவனுக்கு அங்க என்ன வேலை? கோல விட்டுட்டு வந்துட்டானா?”

“காலால தட்டிட்டான்! குனியக்கூட இல்ல, டோ-வால, சும்மா நுனி விரலால… ஏப்லெட் கிட்ட போயிடுச்சு… ஏப்லெட் லாங்கா அடிக்கிறான்… இன்னும், இன்னும்… சாப்மன்! கோல்! அம்மா, கோல்!”

ஜீலாங்கில் யார் யாரோ கத்தினார்கள். இங்கே கத்தினது யார் என்று கலியமூர்த்திக்கு உடனே புரியவில்லை. பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. தான்தான் கத்தினோம் என்று பிறகுதான் தெரிந்தது.

அதன் பிறகு செயின்ட் கில்டாவால் எழுந்திருக்க முடியவில்லை. பன்னிரண்டு புள்ளி வித்தியாசத்தில் ஆட்டம் முடிந்தது. போனில் பிரியா அழுதுகொண்டே சிரித்தாள். சேஷன் ஜன்னலோரம் போய் நின்று கண்ணாடியைத் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

“என்ன சார், சத்தமே காணோம்?”

“ஒரு ஃபுல்பேக் எடத்த விட்டுட்டு நடுவுல வர்றது தப்பு,” என்றார் சேஷன் ஜன்னலைப் பார்த்தபடியே. “நூத்துல தொண்ணூத்தொம்பது தடவ தப்பு.”

“இது நூறாவது தடவ சார்.”

சேஷன் திரும்பினார். “சரி. ஒத்துக்கறேன்.”

“என்னன்னு?”

“உங்க ஆளுதான் பெரியவன்.”

“சத்தமா சொல்லுங்க. ஜீலாங் வரைக்கும் கேக்கணும்.”

சேஷன் கட்டிலருகே வந்து, போனுக்கு நேராகக் குனிந்து, அலுவலகத்தில் வராந்தாவின் அந்தக் கோடியிலிருந்து பியூனைக் கூப்பிடுகிற குரலில் சொன்னார். “ஸ்கார்லெட்தான் பெரிய ஃபுல்பேக்! பூங்கோதை ஜெயிச்சாச்சு!”

பூங்கோதை இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினாள். ஊசி குத்திக் குத்தித் தடித்துப்போன இடது கையைப் புடவைத் தலைப்பிலோ துண்டிலோ மறைத்தே வைத்திருப்பவள். அதுவும் உயரே போயிற்று.

சேஷன் கிளம்பிய பிறகு ரசம் சோறு கொஞ்சம் சாப்பிட்டாள். நன்றாகவே சாப்பிட்டாள். “ரெண்டரைக்கு எழுப்புங்க. அந்தப் பச்சைப் புடவைய எடுத்து வைங்க,” என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு, ஆட்டோ கிடைப்பது கஷ்டமாயிற்றே என்று அவர் கொஞ்சம் முன்னதாகவே எழுப்பப் போனார்.

பக்கத்து பிளாக்கிலிருந்த பஞ்சாபி லேடி டாக்டர் ஓடி வந்து பார்த்தார். இதயம்தான் என்றார். தூக்கத்திலேயே உயிர் போயிருக்கிறது.

“காலைலயே கூட்டிட்டுப் போயிருந்தா?” என்று கலியமூர்த்தி இந்தியில் கேட்டார்.

“கஹீன் பீ ஹோ சக்தா தா, பாய் சாப்,” என்றார் டாக்டர். எங்கே வைத்தும் நடந்திருக்கலாம். அது உண்மையா, ஆறுதலா என்று அவர் அந்த அம்மாளின் முகத்தில் தேடினார். பிறகு தேடுவதை விட்டுவிட்டார்.

மகளுக்கு அவரேதான் போன் செய்தார்.

“ஜெயிச்சது அம்மாக்கு முழுசா கேட்டுதுல்ல பா?”

“கேட்டுச்சும்மா. கையத் தூக்கினா. ரெண்டு கையையும்.”

மறுநாள் பகல் விமானத்தில் பிரியா வந்து சேர்ந்தாள். மூன்று மணிக்கு லோதி ரோடு மின்மயானத்தில் இடம் கிடைத்திருந்தது. தூதரகத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். இரண்டாவது முறையாகத் தில்லிக்கு மாற்றலாகி வந்திருந்த கிரஹாமும் இருந்தார். தலை முழுதும் நரைத்திருந்தது. பூங்கோதையை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு, முறை வரும்வரை எல்லோரும் வெளியே மர நிழலில் நின்றார்கள்.

என்ன பேசுவதென்று தெரியாமல், கிரஹாம் சேஷனிடம் நேற்றைய ஆட்டத்தைப் பற்றிக் கேட்டார். சேஷன் தணிந்த குரலில், பூங்கோதையிடம் தான் தோற்றுப்போனதைச் சொன்னார். கிரஹாம் தலையை ஆட்டினார். அவர் கார்ல்டன்காரர். ஸ்கார்லெட் நல்ல ஆட்டக்காரன்தான், ஆனால் அந்த ஒரு தட்டு அதிர்ஷ்டம், சில்வாக்னிக்குப் பக்கத்தில் அவனை வைக்க முடியாது என்று இங்கிலீஷில் சொன்னார். சேஷன் தரையைப் பார்த்தார்.

“நோ சார்,” என்றது ஒரு குரல்.

எல்லோரும் திரும்பினார்கள். கலியமூர்த்தி மகளின் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டு முன்னால் வந்தார். ஈர வேட்டி காலில் ஒட்டியிருந்தது. அரசாங்கக் கடிதங்களில் எழுதிப் பழகிய இங்கிலீஷில், ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திப் பேசினார். அதிர்ஷ்டம் இல்லை சார். அவன் கடைசி ஆள். அவன் பின்னால் யாரும் கிடையாது. வாழ்நாள் முழுக்க அந்த இடத்தைக் காத்தவன். அதை விட்டுவிட்டு வா என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை. நடுவில் வந்து தோற்றிருந்தால் ஊரே அவனைத்தான் ஏசியிருக்கும். அது தெரிந்தே வந்தான்.

“அப்பா,” என்றாள் பிரியா மெதுவாக.

கிரஹாம் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, சில்வாக்னியானால் அந்தப் பந்தைக் கோலுக்கு முன்னாலேயே தடுத்திருப்பான் என்று மரியாதையாகச் சொன்னார். சேஷனுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. “பந்தே வழுக்கறது சார், மழை!” என்று தமிழில் வெடித்தார். தூதரகத்துப் பெண் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

மின்மயானத்துக் கதவு திறந்து, காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் சீட்டைப் பார்த்துத் தட்டுத்தடுமாறிப் படித்துக் குடும்பத்தாரைக் கூப்பிட்டார். “பூன்… பூன்கோதை! பரிவார்வாலே ஆயியே!”

கலியமூர்த்தி திரும்பாமலே ஒரு கையை உயர்த்தினார்.

“ஏக் மினிட், பாய் சாப்,” என்றார். பிறகு கிரஹாமைப் பார்த்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.