மானியப் பட்டியலில் ஒரு தையல்காரி

நான் விவசாயி என்ற செய்தி ஊரிலேயே எனக்குத்தான் கடைசியாகத் தெரிந்தது. சட்டைக்கு அளவு கொடுக்க வந்த மருந்துக்கடைக்காரி, செல்போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"அக்கா, மானியம் வாங்குறவங்க லிஸ்டை நெட்ல போட்டுட்டாங்க. உங்க பேரும் இருக்கு. மக்காச்சோளமாம்! ஒரு வார்த்தை சொல்லவே இல்லையே?"

பார்த்தேன். என் பெயர், எங்கள் வீட்டு முகவரி, நாலு வருஷத் தொகை. எனக்கு மக்காச்சோளம் வெந்து தட்டில் வந்தால்தான் அடையாளம் தெரியும். பள்ளிச் சீருடை ஆர்டர் கைநழுவிப் போகாமல் இருக்க துணி ஓரம் பிரியாமல் அடிக்கிற ஓவர்லாக் மெஷின் ஒன்று வேண்டும் என்று வீட்டுக்காரரிடம் தொண்டைத் தண்ணீர் வற்றக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தத் தொகைக்கு மூன்று மெஷின் வாங்கலாம்.

வீட்டுக்குப் போனதும் கேட்டேன். மனுஷன் காலை நீட்டிக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒருத்தருக்கு இவ்வளவு நிலத்துக்குத்தான்னு வரம்பு வச்சிருக்காங்க. மிச்ச நிலத்துல நீ பயிர் பண்றதா எழுதிக் கொடுத்தேன். சும்மா பேருக்கு."

"கையெழுத்து?"

"நான்தான் போட்டேன். உனக்கு எதுக்கு அலைச்சல்?"

என்ன ஒரு கரிசனம்!

பட்டியல் வந்ததிலிருந்து ஊரே அடுத்தவன் பெயரைத் தேடி மேய்ந்துகொண்டிருந்தது. யாரோ புகார் போட, சரிபார்க்க வேளாண்மை அதிகாரி வந்து இறங்கினார். நான் விவசாயி இல்லை என்று வாய் திறந்தால், வாங்கியதையெல்லாம் வட்டியோடு கக்க வேண்டும். வீட்டுக்காரருக்கு முகத்தில் ஈயாடவில்லை. கழுத்தில் தொங்கிய அளவு நாடாவோடு வயலில் இறங்கினேன்.

அதிகாரி போட்டோ எடுக்கப் போனைத் தூக்கினார். என் பக்கத்தில் வந்து நின்ற வீட்டுக்காரரைப் பார்த்து, "சார், கொஞ்சம் தள்ளிக்குங்க. விவசாயி மட்டும் போதும்," என்றார். பிறகு என்னிடம், "இவரு யாரும்மா?"

"என் வீட்டுக்காரர்தான் சார். அப்பப்ப ஒத்தாசைக்கு வருவாரு."

இருபது வருஷமாக அந்த மண்ணிலேயே கிடக்கிற மனுஷனுக்குச் சுருக்கென்றிருக்கும். இருக்கட்டும்.

"சார், பணம் இனிமே என் கடைக் கணக்குக்கே வரணும்."

வீட்டுக்காரருக்குப் புரையேறியது. அதிகாரி ஒரு படிவத்தைக் கொடுத்தார். கையெழுத்துப் போட்டேன். பழைய விண்ணப்பத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"சேரலையேம்மா. நாலு வருஷமா இப்படித்தானே போட்டிருக்கீங்க?"

அதில் என் பெயர் வாலைச் சுழற்றிக்கொண்டு ஜம்மென்று கிடந்தது. நான் போட்டது கள்ளக் கையெழுத்தாம்! ஆத்திரத்தில் கண் கலங்கிவிட்டது. ஒரே ஒரு தடவை என்னைக் கூப்பிட்டு, இந்தா போடு என்று நீட்டியிருந்தால், எதற்கு என்றுகூடக் கேட்காமல் போட்டிருப்பேன், மடச்சி.

"அவசரத்துல கிறுக்கிட்டேன் சார். வேற ஒண்ணு கொடுங்க."

அதிகாரி வேறொரு படிவத்தைக் கொடுத்துவிட்டு, பழைய விண்ணப்பத்தோடு மறுபக்கம் பயிரைப் படமெடுக்கப் போனார். வரப்பில் உட்கார்ந்து, வீட்டுக்காரரைக் கையாட்டிக் கூப்பிட்டேன்.

"அந்த வால் எந்தப் பக்கம் சுழியுது? சொல்லுங்க. இல்லேன்னா அவர்கிட்டயே கேட்கிறேன்."

பக்கத்தில் குந்தினார். "மேலேருந்து இழு... அங்க ஒரு வளைவு..." என்று முனகினார். விரலால் காற்றில் வரைந்தும் காட்டினார். அப்படியே பார்த்துப் போட்டேன்.

அதிகாரி வந்து இரண்டையும் ஒப்பிட்டார். முகம் மலர்ந்தது.

"ம்... இதுதான் உங்க கையெழுத்து."