அம்மா சொன்ன ஐந்து

கட்டிலின் தலைமாட்டு போல்ட் கழல மறுத்தது. தகானே ஸ்பேனரை இரண்டு கையாலும் பிடித்து, உடம்பின் பாரத்தை முழுக்க அதன் மேல் போட்டுப் பார்த்தாள். அசையவில்லை. சவ வண்டி அம்மாவை நகரத்துச் சவக்கிடங்குக்கு ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் இறங்கிக் கொஞ்ச நேரம்தான் ஆகிறது. அதற்குள் அறையைக் காலி செய்தாக வேண்டும். கட்டில் வெளியே போக வேண்டும், ஜன்னல் கண்ணாடிகளில் சாம்பல் பூச வேண்டும், தரையில் மெத்தையைப் போட்டு யாராவது துக்கத்துக்கு உட்கார வேண்டும். முறைப்படி மகள் உட்கார வேண்டும். அந்த மகள்தான் இப்போது கட்டிலையும் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"தள்ளு, நான் பாக்கறேன்," என்று மொலெஃபி மாமா வந்து குனிந்தார். அம்மாவின் தம்பி. தோளில் போர்த்திய கம்பளியைக் கழற்றாமலே எந்த வேலையும் செய்துவிடுவார். ஸ்பேனரை ஒரு முறை திருப்பிப் பார்த்துவிட்டு மூச்சு வாங்கினார். "உங்கம்மா உயிரோட இருந்தப்ப இதைத் தொட விட்டாளா? இப்பவும் விடமாட்டேங்கறா."

தகானேக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகையும் வரவில்லை. கொட்டாவிதான் வந்தது. இரண்டு வருடமாக அம்மாவை இந்தக் கட்டிலிலிருந்து தூக்கி உட்கார வைத்து, துடைத்து, புரட்டிப் படுக்க வைத்து அவளுடைய இடுப்பு போய்விட்டது. விடியற்காலை அம்மாவின் மூச்சு நின்றது தெரிந்ததும் அவளுக்கு முதலில் தோன்றியது, இனி தூங்கலாம் என்பதுதான். அதை நினைத்து வெட்கப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

"மாமா, கனனேலோவுக்கு யார் சொல்றது?"

மாமா நிமிர்ந்தார். "இப்ப யாரும் சொல்ல வேண்டாம். ஆட்டம் முடியட்டும். சனிக்கிழமைதானே அடக்கம், அதுக்குள்ள வந்துடுவா. இப்ப சொன்னா அங்க நின்னு அழுவாளா, பந்தைப் பிடிப்பாளா?"

கனனேலோ தங்கை. நாட்டுப் பெண்கள் கால்பந்து அணியின் கோல்கீப்பர். தகுதிச் சுற்று ஆட்டத்துக்காகக் கடலோர நாடு ஒன்றுக்குப் போயிருந்தாள். இன்று மதியம் ஆட்டம். உள்ளூரில் நடந்த முதல் ஆட்டத்திலேயே ஆறு கோல் வாங்கியாயிற்று, அதனால் இன்றைக்கு ஜெயித்தாலும் தோற்றாலும் ஒன்றுதான். ஆனாலும் போயிருந்தார்கள். போகத்தானே வேண்டும்.

"அவளுக்கு மட்டும் எப்பவும் நேரம் காலம் பாத்துத்தான் சொல்லணும்," என்றாள் தகானே.

மாமா போல்ட்டோடு மறுபடி மல்லுக்கு நின்றார்.

அம்மாவை ஊரில் எல்லோரும் மாதகானே என்றுதான் கூப்பிட்டார்கள். தகானேயின் தாய். கல்யாணம் ஆகி வந்த அன்றே, பிறக்கப்போகிற மூத்த பிள்ளையின் பெயரால் வைக்கப்பட்ட பெயர். ஊர் வாயில் அம்மாவோடு ஒட்டிக்கொண்டிருந்தவள் பெரியவள். அம்மாவின் வாயில் இருந்தவளோ சின்னவள். தலையைத் தூக்க முடியாத நாட்களில்கூட, "அவ போன் பண்ணாளா?" என்றுதான் கேட்பாள். கஞ்சிக் கிண்ணத்தோடு நிற்பவளைப் பார்த்துக் கேட்பாள்.

வெளியே பக்கத்து வீட்டு மாட்செகோ அத்தையின் குரல் கேட்டது. மாமா ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு ஓடினார். அத்தை ஒரு கையில் அகப்பையும் மறு கையில் போனுமாக அடுப்படியில் நின்றிருந்தாள்.

"என்ன பண்றே?"

"ஸ்டேட்டஸ் போடறேன். மெழுகுவத்தி படம் ஒண்ணு நல்லதா கிடைச்சுது."

"கொண்டா இங்க! உன் ஸ்டேட்டஸை நாடு பூரா பாக்குது. சின்னவ பாத்தா என்ன ஆகும்?"

"ஐயோ, மறந்துட்டேனே. இன்னிக்கு ஆட்டமில்ல?" அத்தை போனை அவர் கையில் கொடுத்துவிட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "மாதகானே இந்தத் தடவை எவ்வளவு சொன்னா?" என்று கேட்டாள்.

"அஞ்சு."

"அஞ்சா. ம்... அவ வாக்கு லேசுல தப்பாது."

இந்த எண் விவகாரம் ஊருக்கே தெரியும். கனனேலோ முதன்முதலாக நாட்டுக்காக ஆடிய அன்று ஒன்பது கோல் விட்டாள். ஊருக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு கம்பளிக்குள் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. அம்மா போய்க் கம்பளியை உருவினாள். "அடுத்த ஆட்டத்துக்கு ஏழு. ஏழுக்குக் கீழே விட்டேன்னா நீ ஜெயிச்சே. மத்தவங்க கணக்கு நமக்கெதுக்கு?" என்றாள். அன்றிலிருந்து ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னும் அம்மா ஓர் எண் சொல்வாள். எதிரணி யார், மழையா வெயிலா, பின்னால் நிற்கிற பெண்களில் யாருக்கு முழங்கால் சரியில்லை, எல்லாம் விசாரித்துவிட்டுத்தான் சொல்வாள். மகள் என்பதற்காகக் குறைத்துச் சொன்னதில்லை. அணி ஜெயித்த ஆட்டங்களை எண்ண ஒரு கை விரல்களே அதிகம். ஆனால் அம்மாவின் கணக்கில் கனனேலோ நிறைய முறை ஜெயித்திருந்தாள்.

ஆண்கள் அணிக்கு முதலை என்று பெயர். பெண்களுக்கு, ஓடையோரம் பூக்கிற வெள்ளைப் பூவின் பெயர். "பூன்னு பேர் வச்சா வர்றவன் போறவனெல்லாம் பறிக்கத்தான் செய்வான்," என்று மாமா ஒவ்வொரு தோல்விக்கும் சொல்வார். அம்மா அவர் மேல் எதையாவது விட்டெறிவாள்.

நேற்று சாயங்காலம், நாக்கு ஏற்கெனவே குழற ஆரம்பித்திருந்தபோது, அம்மா ஐந்து விரலையும் விரித்துக் காட்டினாள். "அவகிட்ட சொல்லிடு," என்றாள். அதற்கப்புறம் பேசவில்லை.

தகானேயின் போன் அடித்தது. முற்றத்தில் நின்ற எல்லோரும் அவளையே பார்த்தார்கள். பாட ஆரம்பித்திருந்த சர்ச் பெண்களை மாமா கையைக் காட்டி அடக்கினார். தகானே போனை எடுத்துக்கொண்டு மாட்டுத் தொழுவத்தின் கல்சுவரைப் பார்த்து நடந்தாள். சிக்னல் அங்கேதான் ஒழுங்காகக் கிடைக்கும். பாட்டும் அங்கே அவ்வளவாகக் கேட்காது.

"அக்கா! பஸ்ல ஏறப்போறோம். இங்க என்னா வெயில்! சட்டையைப் பிழிஞ்சா தண்ணி கொட்டுது. அம்மாகிட்ட குடு."

"தூங்கறாங்க."

"இந்நேரத்துலயா?"

"ராத்திரியெல்லாம் தூங்கல. இப்பதான் கண்ணசந்தாங்க."

சொல்லிவிடலாம் என்று தகானேக்கு ஒரு கணம் தோன்றியது. செத்துட்டாங்க. ஒரு சொல். நான் ஒருத்தியே எவ்வளவு நேரம் தூக்கிக்கொண்டு நிற்பது, நீயும் ஒரு பக்கம் பிடி. வாய்வரை வந்துவிட்டது. சுவரின் கல்லை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"சரி, எவ்வளவு சொன்னாங்க? அதையாவது சொல்லு, எல்லாரும் கேக்கறாங்க." பின்னால் பெண்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது.

விரிந்த ஐந்து விரல்கள் தகானேயின் கண் முன்னால் வந்தன. இனி அந்த வாய் எதுவும் சொல்லப்போவதில்லை. கடைசியாகச் சொன்னது ஐந்து என்று இந்தப் பெண் ஏன் காலமெல்லாம் சுமக்க வேண்டும்? தங்கைமேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை.

"ஒண்ணுகூட விழாதுன்னாங்க," என்றாள்.

மறுமுனையில் சத்தமில்லை. லைன் போய்விட்டதோ என்று தகானே போனை எடுத்துப் பார்த்தாள். போகவில்லை.

"சரிக்கா," என்றாள் கனனேலோ. "வெச்சிடறேன்."

நல்லபடியாகச் சமாளித்துவிட்டோம் என்று தகானே நினைத்தாள். இந்தக் குடும்பத்தில் அவள் பாராட்டுக்கு ஏங்கி ரொம்ப நாளாகிவிட்டதால், தன்னைத் தானே பாராட்டிக்கொண்டு திரும்பி வந்தாள்.

மதியம் நகரவே இல்லை. போல்ட் கடைசியில் சுத்தியலுக்குப் பணிந்தது. கட்டில் துண்டு துண்டாக வெளியே போனது. தகானே தரை மெத்தையில் உட்கார வைக்கப்பட்டாள். பெண்கள் ஒவ்வொருவராக வந்து கையைப் பிடித்தார்கள். கொடுத்து வைத்த மகராசி, மகள் நாட்டுக்கே ஆடுகிறாளே என்றார்கள். தகானே தலையாட்டினாள். முதுகு சுவரைத் தேடியது. ஒருத்தி பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் கண் செருகியது.

பெண்கள் ஆட்டத்தை ரேடியோவில் யாரும் சொல்வதில்லை. வானம் மஞ்சளடிக்கத் தொடங்கியபோது மாமா வாசலில் வந்து நின்று, "இந்நேரம் முடிஞ்சிருக்கும்," என்றார். "நீயே சொல்லிடு. பெரியவங்க சொன்னா பயந்துடுவா."

போன் அடித்தது. தகானே எழுந்தபோது கால் மரத்திருந்தது. தொழுவச் சுவர்வரை நொண்டிக்கொண்டே போனாள். எப்படி ஆரம்பிப்பது என்று நாலைந்து விதமாகக் கோத்து வைத்திருந்தாள்.

"கனனேலோ..."

"எப்பக்கா போனாங்க?"

கோத்து வைத்ததெல்லாம் உதிர்ந்துபோனது.

"யார் சொன்னா? மாட்செகோ அத்தையா?"

"நீதான்."

"நான் எங்கடி சொன்னேன்?"

"ஒண்ணும் விழாதுன்னியே. அம்மா என்னைக்காவது எனக்கு அப்படிச் சொல்லியிருக்காங்களா? பாவம் பாக்கறது நம்ம வீட்ல நீ மட்டும்தானே," என்றாள் கனனேலோ. "அப்பவே தெரிஞ்சுபோச்சு. யார்கிட்டயும் சொல்லல. சொன்னா வெளிய உட்கார வச்சிடுவாங்க."

"தெரிஞ்சேவா போய் நின்னே?"

"நின்னேன்."

தகானே சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பக்கம் பஸ் இன்ஜின் உறுமுவது கேட்டது.

"நிஜமா எவ்வளவு சொன்னாங்க?"

இனி மறைக்க என்ன இருக்கிறது? "அஞ்சு. நேத்து சாயங்காலம். வாயால வரல, கையை விரிச்சுக் காட்டினாங்க."

தங்கை மூச்சை உள்ளே இழுத்தாள். அதை வெளியே விட வெகு நேரம் எடுத்துக்கொண்டாள்.

"நாலுதான்கா," என்றாள். "நாலாவதும் கையில பட்டுத்தான் போச்சு. நாலுதான் விட்டேன்."

முற்றத்திலிருந்த மாட்செகோ அத்தைக்குப் பொறுக்கவில்லை. துக்க வீடு என்பதையும் மறந்து கத்தினாள்: "தகானே! எவ்வளவாம்?"

தகானே போனைப் பொத்திக்கொள்ள மறந்தாள். "நாலு!" என்று கத்தினாள்.

"நாலா?" அடுப்பைச் சுற்றி நின்ற கூட்டம் மொத்தமும் நிமிர்ந்தது. "நாலுதானா? அடி சக்கை!" யாரோ கை தட்டினார்கள். உடனே அடக்கிக்கொண்டார்கள். மொலெஃபி மாமா மட்டும் கம்பளியின் முனையை முகத்தில் வைத்துக்கொண்டு, தொழுவத்துப் பக்கம் திரும்பி நின்று, உரக்க, "மககிட்ட தோத்துட்டா மாதகானே," என்றார். "கடைசிலயும் தோத்துட்டா."

அது போனில் கேட்டிருக்க வேண்டும். அந்தப் பக்கமிருந்து சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. பாதியிலேயே அது அழுகையாக மாறியது. தகானே அழாதே என்று சொல்லவில்லை. அழட்டும் என்று காத்திருந்தாள். மாடுகள் உள்ளே அசை போட்டுக்கொண்டிருந்தன. குளிர் இறங்கத் தொடங்கியது.

பிறகு கனனேலோ மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அக்கா, நீ சாப்பிட்டியா?" என்று கேட்டாள்.

தகானே பதில் சொல்ல வாயைத் திறந்தாள். காலையிலிருந்து இல்லாத அழுகை அப்போதுதான் வந்தது. ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அது நிற்கவில்லை.

பஸ் எங்கேயோ நின்று மறுபடி கிளம்பியது. அணிப் பெண் யாரோ தண்ணீர் வேண்டுமா என்று கேட்டதும், கனனேலோ வேண்டாம் என்றதும் கேட்டது. இருவரும் பேசவும் இல்லை, போனை வைக்கவும் இல்லை. தகானே சுவரில் சாய்ந்து, போனைக் காதோடு அழுத்தியபடி, முகம் தெரியாத ஊரின் சாலையில் அந்த பஸ் ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கண்ணை மூடிக்கொண்டாள்.