சீமோனும் நானும் ஒரே கதிரையில்

அன்று அங்கே நின்றவர்களை வயது முறைப்படி சொல்லிவிடுகிறேன்: நான், என் மனைவி பேர்ணடெற், அவளுடைய தம்பி சீமோன், சீமோனின் மனைவி கிளடிஸ், என் மகள் றஜிதா, மகன் டெனிஸ்டன். எங்கள் கோவில் பங்கு ஆட்கள் வேறும் பலர் வந்திருந்தார்கள். ஆனால் நடந்ததைச் சொல்லும் உரிமை இந்த ஆறு பேருக்குத்தான் உண்டு.

1996 மாசி மாதம். கனடாவில், ஸ்காபரோவிலிருந்து பாரி நகரையும் தாண்டி, பனிச்சறுக்கு மலை ஒன்றுக்குப் போக இளைஞர் மன்றம் பஸ் பிடித்திருந்தது. நான் ஏறியபோது முன் இருக்கையில் சீமோன் இருந்தான். அவனோடு நான் மூன்று வருடமாகக் கதைப்பதில்லை. மாமனார் காலமானபோது பத்திரிகைக்குக் கொடுத்த மரண அறிவித்தலில், மூத்த மருமகனான என் பெயரை இளைய மருமகனின் பெயருக்குப் பின்னால் போட்டவன் அவன். தவறிவிட்டது என்று பிறகும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மே மாதம் றஜிதாவுக்குக் கலியாணம். தாய்மாமன் வராத கலியாணத்தை நினைத்து பேர்ணடெற் கண்ணைத் துடைத்தபடி திரிந்தாள். கலியாணத்தை வீட்டுக்குப் போய்த்தான் சொல்ல வேண்டும். கதை பேச்சு இல்லாத வீட்டுப் படியை நான் எப்படி மிதிப்பது? முதல் வார்த்தை அவனிடமிருந்து வர வேண்டும்.

பஸ்ஸை விட்டு இறங்கினால் அவனுக்காக இறங்கியதாகிவிடும். எனவே இருந்துவிட்டேன்.

மலையடியில் உள்ள மண்டபத்தில் தேநீர்ப் போத்தலோடு இருப்பதுதான் என் எண்ணம். ஆனால் சீமோன் வாடகைச் சப்பாத்தை மாட்டத் தொடங்கினான். நானும் மாட்டினேன். முதன்முறை போகிறவர்கள் அறிந்திருப்பது நல்லது: அந்தச் சப்பாத்துக் கணுக்காலில் மடங்காது, குதியை முதலில் ஊன்றித்தான் நடக்கலாம். ஜீன்ஸ் போட்டுப் போகக்கூடாது. டெனிஸ்டன் போட்டு வந்து, மத்தியானத்துக்குள் இடுப்புவரை நனைந்துவிட்டான்.

எங்களுக்குச் சறுக்கப் பழக்கிய பெண்ணுக்கு இருபது வயதிருக்கும். சப்பாத்தில் பூட்டிய சறுக்குப் பலகைகளின் முன்நுனிகளைப் பீட்சாத் துண்டு போலச் சேர்த்துப் பிடித்தால் வேகம் குறையும் என்றாள்.

"அப்பா, முழங்காலை மடக்குங்கோ. நிமிந்து நிண்டா விழுவீங்கள்," என்றாள் றஜிதா.

"நான் நிமிந்துதான் நிப்பன்."

விழுந்தேன். எழும்பி முழங்காலை மடக்கினேன். அங்கால் சீமோனும் விழுந்து கிடந்தான்.

"இவரைப் பாருங்கோ மச்சாள்," என்று கிளடிஸ் பேர்ணடெற்றிடம் சொல்வது கேட்டது. "யாழ்ப்பாணத்திலை மலை எங்கை இருக்கு? இவர் ஏறி இறங்கினது கிணத்துக்கட்டு மட்டும்தான்."

மேலே போவதற்குக் கம்பியில் தொங்கும் கதிரைகள் உண்டு, ஒன்றில் இரண்டு பேர். கதிரை நிற்காது. பின்னால் வந்து முழங்காலில் தட்டி, இருத்தித் தூக்கிக்கொண்டு போகும். என்னோடு டெனிஸ்டன்தான் வர இருந்தான். கடைசி நேரத்தில் அவனுடைய பலகை கழன்றுவிட்டது. அங்கே வேலைசெய்த பொடியன் அவனை விலக்கி, அடுத்து நின்றவரை என் பக்கத்தில் விட்டான். அடுத்து நின்றவன் சீமோன்.

பாதி வழியில் கதிரை நின்றது. மேலே யாரோ விழுந்திருக்க வேண்டும். கீழே பேர்ணடெற் அண்ணாந்து பார்த்துச் சிலுவை அடையாளம் போட்டாள். நான் வலப்பக்க மரங்களைப் பார்த்தேன். அவன் இடப்பக்க மரங்களைப் பார்த்தான். காற்று கதிரையை ஆட்டியது.

"அத்தான், உந்தப் பாதுகாப்புக் கம்பியை முன்னாலை இறக்குவம்," என்றான் சீமோன்.

இருவரும் பிடித்து இறக்கினோம்.

"அந்த அறிவித்தல், ரெலிபோனிலை சொல்லேக்கை மாறிப்போச்சு. அப்பா செத்த அண்டு எனக்கு என்ர பேரே நினைவில்லை."

"அதைச் சொல்ல மூண்டு வரியமோ?"

"உங்கட முகத்தைப் பாத்தா ஆர் சொல்லுவினம்? இஞ்சையெண்டா நீங்கள் எழும்பிப் போகேலாது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"றஜிதாவின்ர கலியாணத்தை இப்பவே சொல்லுங்கோவன், அத்தான்."

"அந்தரத்திலை தொங்கிக்கொண்டு கலியாணம் சொல்லுற குடும்பமில்லை நாங்கள். வாற ஞாயிறு வீட்டை வாறம்."

"வாங்கோ. கிளடிஸ் ஆட்டிறைச்சி காய்ச்சுவா."

கதிரை அசைந்தது. மேலே இறங்கும்போது அவன் என் முழங்கையைப் பிடித்தான், நான் அவன் கோட்டைப் பிடித்தேன். இருவரும் ஒன்றாகச் சரிந்து விழ, எங்களுக்காக மறுபடியும் எல்லாக் கதிரைகளும் நின்றன.

"இப்ப எங்களாலை வேறை ஆரோ அந்தரத்திலை கதைச்சுத் தீர்க்கினம்," என்றான் சீமோன், பனியில் கிடந்தபடி.

ஞாயிற்றுக்கிழமை முறைப்படி போய்ச் சொன்னோம். மே மாதம் கோவில் வாசலில் நின்று விருந்தினரை வரவேற்றவன் சீமோன்.

இப்போது பூசை முடிந்து கார் நிறுத்துமிடத்தில் ஒரு கதை உலவுகிறது. கதிரை நின்றதும் நான் பயந்து, "சீமோன்" என்று கூப்பிட்டேனாம். அது பிழை. முதலில் வாய் திறந்தவன் சீமோன்.