ஒரு ஸ்க்ரூ குறைகிறது

என் வீட்டுக்காரருக்குச் சும்மா இருக்கவே தெரியாது. கடை லீவு என்றால் வீட்டில் எதையாவது பிரித்துப் போட்டாக வேண்டும். போன வருஷம் மிக்ஸியைப் பிரித்தார். அது இன்றைக்கும் மேடு ஏறுகிற பஸ் மாதிரிதான் சத்தம் போடுகிறது.

ஊட்டி மார்க்கெட் பக்கம் எங்களுக்குக் குல்லா, ஜெர்க்கின், டார்ச் லைட் விற்கிற கடை. அன்றைக்குப் பேய் மழை, கடை திறக்கவில்லை. விற்காமல் கிடந்த ஒரு மடக்குக் கத்தியைத் தூக்கிக்கொண்டு ஹாலில் பேப்பரை விரித்து உட்கார்ந்தார் ஜாகீர்.

"இறுக்கமா இருக்கு ஃபர்ஹீன். பிரிச்சு எண்ணெய் விட்டா வெண்ணெய் மாதிரித் திறக்கும்."

போனில் ஒரு வீடியோ ஓடியது. பிரிப்பதற்கு முன்னால் போட்டோ எடுத்துக்கொள்ளச் சொன்னான் அதில் பேசியவன். இவரும் கத்தியை முன்னும் பின்னுமாகத் திருப்பிப் படம் எடுத்தார். "என்ன, மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டுச் சமையலறைக்குப் போனேன். "மிஸ்பா அந்தப் பக்கம் வராமப் பாத்துக்கங்க" என்றும் சொன்னேன். சொன்னேனா இல்லையா என்று அவரையே கேட்டுக்கொள்ளலாம்.

மிஸ்பா எங்கள் மகள். பத்து மாசம். இன்னும் முட்டி போடத் தெரியாது, வயிற்றால்தான் தவழ்வாள். நான் பின்னிய உல்லன் பனியனோடு தரையைத் துடைத்துக்கொண்டே வீடு முழுக்கப் போய்வருவாள்.

கொஞ்ச நேரத்தில் அவள் இருமுகிற சத்தம் கேட்டது. சாதாரண இருமல் இல்லை. ஓடிவந்து பார்த்தால் பேப்பர் மேல் குப்புறக் கிடக்கிறாள், முகம் சிவந்து, வாய் மெல்லுகிறது. இவர் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். குழந்தையைத் தூக்கி வாய்க்குள் விரலை விட்டேன். ஈரப் பேப்பர் துண்டு ஒன்று வந்தது. வீறிட்டு அழுதாள்.

"வேற எதையாவது முழுங்கினாளா?"

அவர் பேப்பரைத் தடவினார். பாக்கெட்டில் மாட்டுவதற்கு அந்தக் கத்தியின் ஓரத்தில் ஒரு கிளிப் இருக்கும். அதற்கு மூன்று ஓட்டை. பேப்பரில் இருந்தது அதற்கான இரண்டு ஸ்க்ரூதான். மூக்குத்தித் திருகாணி அளவுதான், ஆனால் நுனி ஊசி போல இருந்தது.

"ஒண்ணு குறையுது" என்றார்.

சோபாவைப் புரட்டினோம், பாயை உதறினோம், டார்ச் அடித்துத் தேடினோம். மிஸ்பாவின் பனியன் மேலேயே இன்னொரு ஸ்வெட்டரையும் குல்லாவையும் மாட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்கு மழையில் இறங்கினோம். டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று கத்தித் துண்டுகளை ஒரு மருந்துக் கவரில் அள்ளிப் போட்டுக்கொண்டார்.

எக்ஸ்ரே அறை ஐஸ்பெட்டி மாதிரி இருந்தது. படம் எடுப்பவர் குழந்தையின் துணியைக் கழற்றச் சொன்னார். மேல் ஸ்வெட்டரைக் கழற்றினேன். உள்ளே இருந்ததையும் கழற்றச் சொன்னார்.

"போன வாரந்தாங்க சளிக் காய்ச்சல் விட்டுச்சு. இதுல பட்டன் கிடையாது, ஊக்கு கிடையாது, வெறும் உல்லன். உல்லன் படத்துல தெரியுமா?"

அவர் பனியனைத் தடவிப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். சரி என்று விட்டுவிட்டார். இந்த ஊரில் குழந்தையின் கடைசி உல்லனைக் கழற்ற எந்தத் தாயும் சம்மதிக்க மாட்டாள் என்று அவருக்கும் தெரியும்.

படத்தில் இருந்தது. என் மகளின் அடிவயிற்றில் வெள்ளையாக, மரைகூடத் தெரிகிற மாதிரி, ஒரே ஒரு ஸ்க்ரூ.

டாக்டரம்மா நிதானமாகத்தான் பேசினார். "நுனி கூரா இருக்கு. குடல்ல குத்திடக் கூடாது. உடனே கோயம்புத்தூர் போங்க, எங்கேன்னு எழுதித் தர்றேன். மயக்கம் குடுத்துத்தான் எடுப்பாங்க. அதுவரைக்கும் பால், தண்ணி எதுவும் குடுக்காதீங்க."

பக்கத்து வீட்டுக் குமாரசாமி அண்ணன் டாக்சி ஓட்டுகிறார். அவர் வண்டியில்தான் இறங்கினோம். குன்னூர் வரைக்கும் ஒரே பனி, முன்னால் போகிற லாரியின் சிவப்பு விளக்கு மட்டும் தெரிந்தது. ஒவ்வொரு வளைவிலும் வண்டி குலுங்கும்போது அந்த நுனி உள்ளே எங்கே படுகிறதோ என்று என் வயிற்றில்தான் குத்தியது. மிஸ்பா பசியில் என் மார்பை முட்டி முட்டி அழுதாள். பால் கட்டி நைட்டியெல்லாம் நனைந்துவிட்டது. கொடுக்க முடியாமல் அவள் வாயைக் கையால் தள்ளிவிட்டேன். அந்தக் கையை என்ன செய்தால் தகும்?

"இவளுக்கு ஏதாவது ஆச்சு, நான் உங்களை விட மாட்டேன்" என்றேன். ஜாகீர் முன் சீட்டில் உட்கார்ந்து துஆ ஓதிக்கொண்டே வந்தார்.

பர்லியாறு வந்தது. மலையிலிருந்து இறங்குகிற எல்லாரும் அங்கே ஸ்வெட்டரைக் கழற்றிவிடுவார்கள். அங்கிருந்துதான் கீழ்நாட்டுச் சூடு ஏற ஆரம்பிக்கும். குமாரசாமி அண்ணனும் ஒரு கையால் தன்னுடையதை உருவிப் போட்டார்.

"ஏனுங்க, பாப்பாவுக்கு வேர்த்து ஊத்துது பாருங்க. எல்லாத்தையும் கழட்டி உடுங்க."

குல்லா, மேல் ஸ்வெட்டர். பிறகு பனியனைத் தலைவழியாக உருவினேன். என் மணிக்கட்டில் எதுவோ கீறியது. பனியனின் கீழ் ஓரத்தை இரட்டையாக மடித்துப் பின்னியிருந்தேன். அந்த மடிப்புக்குள்ளிருந்து ஒரு நுனி எட்டிப் பார்த்தது.

"அண்ணா, வண்டிய நிறுத்துங்க."

ஜாகீர் அதை வாங்கிப் பார்த்து அழுதே விட்டார். எனக்கு அழுகை வரவில்லை, பயம்தான் கூடியது. "இது வேற ஒண்ணா இருந்தா? படத்துல இருந்தது உள்ள இருக்கறதா இருந்தா? மொத்தம் எத்தனை ஸ்க்ரூன்னு எண்ணினீங்களா?"

எண்ணவில்லை. எண்ணியிருந்தால் அவர் ஏன் ஜாகீர்?

"கத்தியப் பூட்டிக் காட்டுங்க. இங்கயே, இப்பவே."

ரோட்டோரப் பழக்கடை பெஞ்சில் கவரைக் கொட்டினார். குரங்குகள் வராமல் குமாரசாமி அண்ணன் குச்சியோடு நின்றார். கத்தியின் அலகை இரண்டு தகட்டுக்கு நடுவில் வைத்து, இரண்டு பக்கமும் வாஷர் போட்டு, பெரிய ஸ்க்ரூவை முறுக்கினார். கடைக்காரரின் முனை வளைந்த பேனாக்கத்திதான் ஸ்க்ரூ டிரைவர். ஒன்று நழுவி மண்ணில் விழுந்தது. மண்டியிட்டு நானே தேடி எடுத்தேன். கைப்பிடி ஓட்டைகள் ஒவ்வொன்றாக நிறைந்தன. கிளிப்புக்கு இரண்டு. மூன்றாவதாகப் பனியனில் இருந்தது. இறங்கிப் பொருந்தியது.

நான் கத்தியை வாங்கித் திருப்பினேன். பின்பக்கம், கிளிப் இல்லாத பக்கத்தில், மூன்று ஓட்டை காலியாக இருந்தது.

அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

"இல்ல ஃபர்ஹீன், இரு, இரு." போனை எடுத்து அந்தப் படத்தைத் தேடினார். மாப்பிள்ளை வீட்டுக்கா என்று நான் கேலி செய்த அதே படம். பிரிப்பதற்கு முன்னாலேயே அந்த மூன்றும் காலி. இடதுகைக்காரர்கள் கிளிப்பை மாற்றிப் போட்டுக்கொள்ள விட்ட ஓட்டையாம். பெரிதாக்கிக் காட்டினார். நான் கத்தியையும் படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். குமாரசாமி அண்ணனையும் பார்க்கச் சொன்னேன். எல்லா ஸ்க்ரூவும் இருந்தது.

ஜாகீர் கத்தியை ஒருமுறை திறந்து மடக்கினார். "இப்ப நல்லா வழுக்குது பாரு" என்றார், பாவி மனுஷன்.

ஊட்டிக்குப் போன் போட்டு டாக்டரம்மாவிடம் சொன்னேன். மேட்டுப்பாளையத்தில் இன்னொரு படம் எடுத்துப் பார்த்துவிட்டுப் பால் கொடுக்கச் சொன்னார். அங்கே படம் எடுப்பவர் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே மிஸ்பாவின் சட்டை, ஜட்டி, வளையல், அரைஞாண் கயிறு எல்லாவற்றையும் கழற்றி மேசை மேல் வைத்தேன். என் தங்கத்தின் வயிற்றில் ஒன்றும் இல்லை.

அந்த அறை வாசலிலேயே தரையில் உட்கார்ந்து பால் கொடுத்தேன். பசி அடங்கும்வரை ஒரு கையால் என் விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள், மறுபடி தள்ளிவிடுவேன் என்று பயந்தவள் போல.