அஞ்சு வருஷம் தாங்குமா?

பூவம்மாள் செத்துப்போன செய்தி கெம்பனப்பள்ளி பால் சொசைட்டிக்கு விடிகாலை அஞ்சரை மணிக்கு வந்தது. அந்த நேரத்தில் பூவம்மாள் தன் வீட்டுக் கட்டிலில் கண்ணைத் திறந்து படுத்தபடி, இன்றைக்குத் தனக்கு எத்தனை ஓட்டு விழும் என்று மனக்கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

எழுந்து வாசலுக்கு வந்து "அட, நான் இருக்கேன்டா" என்று ஒரு சத்தம் போட்டிருக்கலாமே என்பீர்கள். நமக்கு அது சுலபம். பூவம்மாளுக்குப் பதினாலு வருஷமாக முடக்குவாதம். விரல்களெல்லாம் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்துவிட்டன. மணிக்கட்டு வீங்கிக் கிடக்கும், முழங்கால் மடங்காது. ராத்திரி படுத்தால் காலையில் உடம்பு மரக்கட்டை. பக்கத்து வீட்டு தாஹிரா வந்து, கையை வெந்நீரில் முக்கி, விரல் விரலாக நீவிவிட்டால்தான் மெல்ல அசைவு வரும். எட்டு மணிக்கு முன்னால் அவளை வெளியே பார்த்தவர் ஊரில் யாரும் கிடையாது. இதை நன்றாகத் தெரிந்து வைத்துக்கொண்டுதான் பெருமாள் அந்த வேலையைச் செய்தான்.

பெருமாள் யாரென்றால், ஊருக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டிக் கொடுத்த காண்ட்ராக்டர். தொட்டி கட்டி ஆறு வருஷம் ஆகிறது, இன்னும் ஒரு சொட்டு ஏறவில்லை. காக்காய் உட்கார வசதியாக இருக்கிறது, அவ்வளவுதான். தொட்டி கட்டின கையோடு ஓசூருக்குக் குடிபோனவன், தொண்ணூத்தாறில் பஞ்சாயத்துத் தேர்தல் வந்து, தலைவர் பதவி பெண்களுக்கு என்று ஒதுக்கினதும், பெண்டாட்டி சாந்தம்மாவைக் கூட்டிக்கொண்டு ஊருக்கு ஓடிவந்தான். போட்டியே இருக்காது என்று நினைத்திருப்பான் போலிருக்கிறது. பூவம்மாள் நின்றுவிட்டாள்.

அவளுக்கு ஏன் இந்த வம்பு என்று சொந்தக்காரர்களே கேட்டார்கள். ஊருக்குத் தண்ணீர் ஒரு மைல் தள்ளி, தோட்டத்துக் கிணற்றிலிருந்து. மற்ற பெண்கள் தலையில் ஒன்று இடுப்பில் ஒன்று என்று குடம் சுமப்பார்கள். பூவம்மாளின் கை ஒரு சொம்பைத் தூக்கினாலே அழும். பதினாலு வருஷமாகக் குடிக்கிற தண்ணீருக்குக்கூட அடுத்தவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிறவளுக்குத்தான் தெரியும் குழாயின் அருமை. அந்தத் தொட்டியில் தண்ணீர் ஏற்றாமல் விடுவதில்லை என்று ஒரு வெறி அவளுக்கு.

பெருமாள் குழாயைப் பற்றியோ தொட்டியைப் பற்றியோ மூச்சே விடவில்லை. வீடு வீடாகப் போய் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். "பதவி அஞ்சு வருஷம். இந்தம்மா அஞ்சு வருஷம் தாங்குமா?"

அந்தக் கேள்விக்கு வழிவிட்டது பூவம்மாளின் புருஷன் சென்னப்பன்தான். எண்பத்தாறில் பெங்களூரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது, டாக்டர் கன்னடத்தில் அவனிடம் எடுத்துச் சொன்னார். இது மூட்டோடு நிற்கிற வியாதி இல்லை, நெஞ்சையும் தொடும். மருந்தை விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இந்த வியாதிக்காரர்களில் நிறைய பேர் மற்றவர்களைவிட ஒரு பத்து வருஷம் முன்னாலேயே போய்விடுகிறார்கள் என்றார். பூவம்மாளும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் கன்னடம் புரியும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. சென்னப்பன் ஊருக்கு வந்து டீக்கடையில் உட்கார்ந்து அழுதான். நல்ல மனுஷன், வாய்தான் நிற்காது. பத்து வருஷம் கம்மி என்று அவன் சொன்னது, டீக்கடையைத் தாண்டித் தெருக்கோடி போவதற்குள் இன்னும் பத்து வருஷம்தான் என்று ஆகிவிட்டது. எண்பத்தாறோடு பத்தைக் கூட்டிப் பாருங்கள். ஊர்க்கணக்குப்படி இந்த வருஷம் அவளுக்குத் தவணை முடிகிறது.

இதற்கு அவள் தொட்டியடிக் கூட்டத்தில் பதில் சொல்லிவிட்டாள். "டாக்டர் பத்து கம்மின்னாரு. எதுல கம்மி? எங்க வகையறாவுல தொண்ணூறுக்கு முன்னாடி யாரும் மண்டையைப் போட்டதில்ல. பத்தைக் கழிச்சா எம்பது. எனக்கு நாப்பத்தேழு. இன்னும் முப்பத்திமூணு வருஷம் உங்க உசுரை வாங்காம போகமாட்டேன்." கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அவளும் சிரித்தாள். உள்ளுக்குள் பயம் இல்லை என்று யார் சொன்னது? படியேறி மூச்சு வாங்கும்போதெல்லாம், இதுதானோ அது என்று ஒரு கணம் நின்றுபோவாள். ஆனால் பத்து வருஷமாகத் தன்னைப் பார்க்கிற ஒவ்வொரு கண்ணும் "ஐயோ பாவம், போகப்போறவ" என்று பார்ப்பதைப் பொறுப்பதுதான் அதைவிடக் கொடுமையாக இருந்தது. உயிரோடு இருக்கும்போதே ஊர் அவளை வழியனுப்பிவிட்டது. அந்த ஆத்திரம்தான் அவளை இவ்வளவு தூரம் கொண்டுவந்து நிறுத்தியிருந்தது.

ஓட்டுப்பதிவு அன்றைக்கு அவளுக்கு இருந்த கவலை வேறு. அவளுக்கு ஓட்டுப் போடுகிற பெண்களில் பாதிப்பேர் கல் குவாரிக்குப் போகிறவர்கள். கம்பெனிக்காரன் லீவு விடுவான், குவாரிக்காரன் விடுவானா? ஆறு மணி லாரியில் ஏறினால் திரும்பி வருவது பொழுது சாய்ந்துதான். ஓட்டுச்சாவடியோ சாயங்காலம் அஞ்சு மணிக்கெல்லாம் சாத்திவிடும்.

இந்த நிலைமையில்தான் பெருமாளின் ஆள் ஆஞ்சப்பன், பால் சொசைட்டியில் கேனை இறக்கி வைத்துவிட்டு, "விஷயம் தெரியுமா? பூவம்மா போயிட்டாங்களாம். நெஞ்சு வலியாம்" என்றான். ஒருத்தராவது "நிஜமா?" என்று கேட்கவேண்டுமே! கேட்கவில்லை. பத்து வருஷமாக எதிர்பார்த்த செய்திதானே. செத்தவளுக்கு எவன் ஓட்டுப் போடுவான், அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள் என்பது பெருமாளின் கணக்கு.

ஓசூரில் இருந்து இருந்து அவனுக்கு ஊர் மறந்துபோயிருந்தது. கெம்பனப்பள்ளியில் ஒரு சாவு விழுந்தால், எடுக்கிற வரைக்கும் ஒருவரும் வேலைக்குப் போகமாட்டார்கள். ஏர் கட்டமாட்டார்கள், அடுப்புப் பற்றவைக்க மாட்டார்கள். குவாரி லாரி வந்து ஆரன் அடித்து அடித்துப் பார்த்துவிட்டு, காலியாகத் திரும்பிப் போனது. ஊர் மொத்தமும் பூவம்மாள் வீட்டு வாசலில் கூடிவிட்டது. கதவு சாத்தியிருந்தது, சென்னப்பன் வரட்டும் என்று யாரும் உள்ளே போகவில்லை.

சென்னப்பன் அவளுடைய பூத் ஏஜெண்டாகப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தான். வீட்டில் அவள் ஒருத்திதான். திடீரென்று வாசலில் ஒப்பாரி கிளம்பியது. யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பதறியவள், தன் பேர் காதில் விழுந்ததும் அப்படியே கிடந்தாள்.

"தண்ணி கொண்டாரேன்னியே பூவு, இப்பிடித் தவிக்க விட்டுட்டுப் போயிட்டியே!" குவாரி ராசாத்தியின் குரல். முந்தாநாள்தான் அவளிடம் ஓட்டுக் கேட்டபோது "பாக்கலாம் போக்கா" என்று முகத்தைத் திருப்பினவள்.

"ஏய், நான் இருக்கேன்" என்று பூவம்மாள் கத்தினாள். கத்தின சத்தம் ஒப்பாரியில் அமுங்கிப்போனது. காலை ஊன்றப் பார்த்தாள், முழங்கால் அசையவில்லை. கோபமாக வந்தது. கோபத்தோடு சிரிப்பு வந்தது. அதற்குப் பின்னால், என்ன சொல்ல, அழுகையும் வந்தது. தனக்காக ஊர் இப்படி அழும் என்று அவள் நினைத்தே பார்த்ததில்லை.

கதவைத் திறந்துகொண்டு தாஹிரா உள்ளே வந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. கட்டிலில் கிடந்தவள் திரும்பிப் பார்த்து, "வெந்நீர் வெச்சியா தாஹிரா?" என்று கேட்டாள்.

"யா அல்லா!" தாஹிரா போட்ட கூச்சலில் வாசலில் ஒப்பாரி கப்பென்று நின்றது.

"அக்கா, நீ போயிட்டதாச் சொன்னாங்களே அக்கா!"

"எவன் சொன்னான்?"

"ஆஞ்சப்பன்."

பூவம்மாள் மனசுக்குள் சட்டென்று ஒரு கணக்குப் போட்டாள். பிறகு, "குவாரி லாரி போயிடுச்சா?" என்றாள்.

"காலியாப் போச்சுக்கா. ஒருத்தரும் ஏறல."

"ஒருத்தருமா? அடி என் தங்கமே! சீக்கிரம் கையை நீவு. இன்னிக்கு மட்டும் எனக்கு வலிக்குமேன்னு பாக்காத."

அரைமணி நேரம் ஆனது. தாஹிராவின் தோளைப் பிடித்துக்கொண்டு பூவம்மாள் வாசலுக்கு வந்தபோது கூட்டத்தில் சிலர் கும்பிட்டே விட்டார்கள். ராசாத்தி மட்டும் ஓடிவந்து அவள் கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அதே சமயம் தெருமுனையில் சென்னப்பன் மாரில் அடித்துக்கொண்டு ஓடிவந்தான். பள்ளிக்கூடத்துக்கும் சேதி போயிருந்தது.

"பூவு! பூவு!"

"எனக்கு ஒண்ணுமில்லீங்க. இன்னிக்குச் சாகறதுக்கு எனக்கு ஏது நேரம்?" என்றாள். பிறகு கூட்டத்தைப் பார்த்தாள். "ஆஞ்சப்பன் சொன்னான்னு எல்லாரும் வந்துட்டீங்க. வேலையும் போச்சு, கூலியும் போச்சு. எனக்காக அழுதீங்களே, அது போதும்மா, நெஞ்சு நெறஞ்சுபோச்சு. இப்ப கண்ணைத் தொடச்சிக்கிட்டு என்கூட வாங்க. ஓட்டுப் போட்டுட்டு வருவோம்."

பள்ளிக்கூடம் முந்நூறு அடி தூரம். மளிகைக்கடை ஃபக்ருதீன் தன் தள்ளுவண்டியில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போகிறேன் என்றார். "வேணாம் பாய், இன்னிக்கு நடந்துதான் போவேன்" என்றுவிட்டாள். அடிக்கு அடி முழங்காலில் ஊசி குத்தியது. நின்றாள், நடந்தாள், மறுபடி நின்றாள். ஊரும் அவளோடு நின்று நின்று நடந்தது. ஒருத்தர்கூட அவளை முந்திப் போகவில்லை.

சாவடியில் சாந்தம்மா பக்கத்து ஏஜெண்டு, அவனும் ஆஞ்சப்பனை நம்பினவன்தான், வோட்டர் லிஸ்டில் பூவம்மாள் பெயருக்கு நேராகப் பென்சிலால் சுழித்து வைத்திருந்தான். தலை நிமிர்ந்து பார்த்தவன் எழுந்தே நின்றுவிட்டான்.

"உக்காரு தம்பி. ஓட்டுப் போட்டுட்டுப் போயிடறேன்" என்றாள் பூவம்மாள். முத்திரைக் கட்டையை விரலால் பிடிக்க முடியாது. இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் இடுக்கி, மேசையில் சாய்ந்து, தன் சின்னத்தின் மேல் ஓங்கிக் குத்தினாள். அவளுக்குப் பின்னால் வரிசை பள்ளிக்கூடத்தைச் சுற்றி வேப்பமரம் வரைக்கும் நின்றது. வரிசையைப் பார்த்த பெருமாள் மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு அப்போதே கிளம்பிவிட்டான்.

சூளகிரி யூனியன் ஆபீசில் ஓட்டு எண்ணினார்கள். சாந்தம்மாவுக்கு நூத்தி எண்பத்தெட்டு. பூவம்மாளுக்கு எழுநூத்தி ரெண்டு. வெளியே ராசாத்தியும் குவாரிப் பெண்களும் குலவையிட்ட சத்தம் மெயின்ரோடு பஸ் ஸ்டாப் வரைக்கும் கேட்டது. சென்னப்பன் தூணில் சாய்ந்து தேம்பித் தேம்பி அழுதான். யார் வந்து கேட்டாலும் அவன் ஒன்றும் சொல்லவில்லை. அதுவே பெரிய ஆச்சரியம்.

அதிகாரி சான்றிதழை நீட்டினார். அவள் அதைக் கோணல் விரல்களால் நெஞ்சோடு சேர்த்து அணைத்துப் பிடித்தாள். அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்த அதிகாரிக்கு என்ன தோன்றியதோ, கொஞ்சம் தணிந்த குரலில் சொன்னார்.

"பதவிக்காலம் அஞ்சு வருஷம்மா."

"அஞ்சுதானாங்க சார்?" என்றாள் பூவம்மாள். "எனக்கு அது பத்தாதே."