ஈர மண்ணில் ஒரு நெற்றி

1

இந்தக் கதை எனக்கு ஒரு தொலைக்காட்சிப் பெட்டியின் மேலிருந்து கிடைத்தது. 1996, மொன்றியலில் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதி, ஒரு வீட்டின் வரவேற்பறை. மடு மாதா படத்துக்குப் பக்கத்தில் ஒரு பையனின் தலை இருந்தது. சுட்ட மண். நெற்றியில், பெருவிரல் அகலத்தில், ஆழமாக ஒரு சிலுவை. நிறையச் சிற்பங்கள் பார்த்திருக்கிறேன். எதன் முன்னாலும் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைக்கத் தோன்றியதில்லை. அன்று வைத்தேன்.

செய்தவர் ஜெர்மானியச் சிற்பி கார்ஸ்டன் வீல்ஹாஃப்.*

* கலைக்களஞ்சியத்தில் தேட வேண்டாம். அவரைச் செய்தவன் நான். இன்னும் ஈரம் காயவில்லை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘கார்ஸ்டன் வீல்ஹாஃப் 1909இல் ஹாம்பர்க்கில் ஒரு கல்தச்சரின்’

அடித்துவிட்டேன். பிறப்பில் தொடங்கினால் அவர் போருக்கு வந்து சேர்வதற்குள் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள். நேரே அங்கே போவோம்.

1941இல் அரசு அவரிடம் ஒரு நினைவுச்சின்னம் கேட்டது. இறந்த சிப்பாய் ஒருவன், கல்லில். முகத்தையும் அரசே சொன்னது: நேரான மூக்கு, அகன்ற தாடை, பயமறியாத கண். அவர் மறுக்கவில்லை, செதுக்கினார். [இங்கே அவருக்காக ஒரு சாக்கு எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன்.] திறப்பு விழாவில் ஒரு தாய் முன்னால் ஓடி, “இது என் மகன்” என்று கல்லைக் கட்டிக்கொண்டாள். இன்னொருத்தி, “இல்லை, என்னுடையவன்” என்றாள். மூன்றாமவள் கல் சப்பாத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். அது யாருடைய முகமும் இல்லை என்பது அங்கே ஒருவருக்குத்தான் தெரியும்.

அதன் பிறகு அவர் முகம் செய்யவில்லை. கனடாவுக்கு வந்தார், மொன்றியலை ஒட்டிய இல்-பிசாரில் வீடு வாங்கினார், நாற்பது ஆண்டுகள் மனிதர்களைச் செய்தார்: குனிந்தவர்கள், போர்த்திக்கொண்டவர்கள், முதுகு காட்டி நிற்பவர்கள். அந்த முதுகுகளில் ஒன்றைப் பார்த்தாலே தெரியும், அவள் அழுகிறாள் என்று. அப்படிப்பட்ட கை.

3

அந்த வரவேற்பறை மாக்கிரட்டுடையது. வீல்ஹாஃபுக்குச் சமைத்து, வீடு துப்புரவாக்கப் போனவர். மன்னார்க்காரி. முதல் வரைவில் அவரை அதிகம் பேசாத பெண்ணாக எழுதினேன். அது பொய். முதல் நாளே பட்டறையைப் பார்த்துவிட்டு, “ஏன் ஐயா எல்லாரும் அங்கால பாக்கினம்? உங்களோட கோவமோ?” என்று கேட்டவர் அவர். (இருவரும் பேசியது அரைகுறை ஆங்கிலம். எனக்கு அது இப்படித்தான் கேட்கிறது.)

அவருடைய மூத்த மகன் டிலக்ஷன் 1990இல், பதினேழு வயதில், ரியூசன் வகுப்புக்குப் போனவன் திரும்பி வரவில்லை. அதே மாதம் வீடு எரிந்தது, படங்களும் எரிந்தன. கனடாவுக்கு வந்த பிறகு அவனுடைய முகம் மறந்துகொண்டிருந்தது. அவருக்கு இருந்த பயமெல்லாம் அதுதான். கணவர் யோசெப்போடு சண்டையும் அதைப் பற்றித்தான்.

“மூக்கு உங்கட மூக்குத்தான்.”

“விசரே உனக்கு? என்ர மூக்கெண்டால் அவன் வாறதுக்கு முன்னம் மூக்கெல்லோ உள்ள வந்திருக்கும்.”

இருவரும் சிரித்தார்கள். பிறகு சட்டென்று சிரிப்பு நின்றது. ஒரே வீட்டில் இரண்டு பேர் இரண்டு பிள்ளைகளை நினைத்துக்கொண்டிருப்பது இருவருக்கும் விளங்கிவிட்டது.

மறுநாள் மாக்கிரட் பஸ்ஸிலிருந்து இறங்கி, கோட்டைக்கூடக் கழற்றாமல் பட்டறைக்குப் போனார்.

“என்ர பிள்ளையின்ர முகத்தைச் செய்து தருவீங்களோ?”

4

“நான் முகம் செய்வதில்லை” என்றார் கிழவர். கல்லைக் கட்டிக்கொண்ட தாய்மாரைப் பற்றிச் சொன்னார். “நீயும் எதைக் காட்டினாலும் ஆம் என்பாய்.”

மாக்கிரட்டுக்குக் கோபம் வந்துவிட்டது. “நான் பெத்தனான். பிழையெண்டால் பிழையெண்டு சொல்லுவன். செய்து பாருங்கோ.”

அந்தக் குளிர்காலம் முழுக்க நடந்தது இதுதான். கிழவர் மண் முகத்தில் கண்ணை இறக்குவார். “இல்லை. இது ரிவிப் பெட்டியில வாற பெடியன்.” தாடையைக் குறைப்பார். “இல்லை.” காதை மாற்றுவார். “காது சரி. மிச்சம் வேற ஆரின்ரயோ பிள்ளை.” ஒவ்வொரு ‘இல்லை’க்கும் கிழவரின் முகம் மலர்ந்தது. ஏமாற மறுக்கும் ஒரு தாயை அவர் அதுவரை பார்த்ததில்லை.

மார்ச் மாதம் ஒரு மதியம், கிழவர் மண் தலையை மூடியிருந்த ஈரத்துணியை விலக்கினார். உதட்டின் ஓர் ஓரத்தை மட்டும் சற்று இறக்கியிருந்தார். மாக்கிரட் ‘இல்லை’ என்று சொல்லவில்லை. ‘ஓம்’ என்றும் சொல்லவில்லை. கை தானாக எழுந்தது. வெளியே புறப்படும் பிள்ளைக்கு அவர்கள் ஊரில் தாய் போட்டுவிடும் சிலுவையை, பெருவிரலால் அந்த நெற்றியில் போட்டார். மண் காயவில்லை என்பது நினைவில் இல்லை. விரல் புதைந்தது.

“ஐயோ, பழுதாக்கிப் போட்டன்!”

தடவி மூடப் போன கையைக் கிழவர் பிடித்துக்கொண்டார்.

“விடு. இனி என் கை இதில் படாது.”

அப்படியே சூளையில் வைத்தார்.

[டிலக்ஷன் போன காலையில் அந்தச் சிலுவையைப் போட முடியவில்லை. கை ஈரம், “பேந்து போடுறன், நீ போ” என்றாராம். மீன் வெட்டிய ஈரம் என்று எழுதியிருந்தேன். மீன் என்னுடையது. ஈரம் அவருடையது.]

5

ஒரு முடிவில், அது அவனேதான். யோசெப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிடுகிறார். இன்னொன்றில், அது அவன் இல்லை. தெரிந்தேதான், யாரோ பெற்ற பிள்ளைக்கு மாக்கிரட் சிலுவை போட்டு அனுப்பினார். மூன்றாவதில், அந்த மூன்று தாய்மாரும் இல்-பிசார் பஸ்ஸில்

வேண்டாம்.

1996இல், அந்த வரவேற்பறையில் நான் கேட்டேன்: “அக்கா, இது டிலக்ஷன்தானா?”

யோசெப் சட்டென்று மனைவியைப் பார்த்தார். அவரும் அதுவரை கேட்டதில்லை போலும். மாக்கிரட் அந்த நெற்றிப் பள்ளத்தில் படிந்த தூசியை விரலால் துடைத்தார், மேலிருந்து கீழாக, பிறகு குறுக்காக.

“தேத்தண்ணி ஆறுது. குடியுங்கோ.”

கிழவரும் சாகும்வரை அந்தக் கேள்வியைக் கேட்கவில்லையாம். கேட்டவன் நான்தான். உங்களுக்கும் கேட்கத் தோன்றினால், தலை இன்னும் அந்தத் தொலைக்காட்சிப் பெட்டியின் மேல்தான் இருக்கிறது. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அதன் முன்னால் போய் நில்லுங்கள். வாய் திறப்பதற்கு முன்னால், உங்கள் கை என்ன செய்கிறது என்று பாருங்கள்.